உருப்படி மொத்தம்

மதிப்பிற்குரிய அம்மா,

நான்கு ஆண்டுகளாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன். செய்தி வழியில் சிதைந்தாலும் மீட்டெடுக்க உதவும் பிழைதிருத்தக் குறியீடுகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது மூன்றாம் ஆண்டு. என்னோடு சேர்ந்தவர்களில் பலர் செயற்கை நுண்ணறிவுக்கு மாறிவிட்டார்கள். உன் துறையில் கண்டுபிடிக்க இனி எதுவும் மிச்சமில்லை என்கிறார்கள். ஊருக்குப் போனால் உறவினர்கள், "இதனால் என்ன பயன்?" என்று கேட்கிறார்கள். அப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார், பத்தாவது வரை படித்தவர். அவருக்கு இதெல்லாம் புரியாது என்பதால் "கம்ப்யூட்டர் படிக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொள்ளலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அறிவியல் கட்டுரைகளில் நீங்கள் இத்தனை ஆங்கிலச் சொற்களை அப்படியே எழுதுவது சரியா?

ம.

அன்புள்ள ம.,

என் மூத்த பேத்தியின் வயதுதான் உனக்கும் இருக்கும். ஒருமையில் எழுதுகிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். உன் துறையின் ஒரு குறியீட்டை ‘போலார் கோடு’ (polar code) என்று நான் எழுதினால் உனக்குப் புரிகிறது, தேடுகிறவருக்கும் கிடைக்கிறது. நல்ல தமிழ்ச்சொல் ஒன்று புழக்கத்துக்கு வரும் அன்று நானும் மாறிக்கொள்வேன். நண்பர்கள் செயற்கை நுண்ணறிவுக்குப் போய்விட்டார்கள் என்ற வருத்தத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. போகட்டும்.

உன் கடிதம் வந்த வாரத்தில் ஒரு பூக்கடையை நினைத்துக்கொண்டிருந்தேன். மல்லிகை வாங்கிவிட்டுக் காசுக்காக அந்தக் கியூஆர் அட்டையைப் பார்த்தால், நடுப்பகுதி தண்ணீர் பட்டு ஊறி, வாழைநார் உரசித் தேய்ந்து கிடந்தது. மூலையில் இருக்கும் மூன்று கட்டங்கள் மட்டும் தப்பியிருந்தன. இது படிக்காது என்றேன். கடைக்காரப் பெண் சிரித்தாள். கைப்பேசி ஒரே பார்வையில் படித்துவிட்டது. அந்தக் கட்டங்களை 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தார் உருவாக்கினார்கள். ஆனால் தேய்ந்ததை மீட்டெடுக்கும் கணக்கு அவர்களுடையது அல்ல. இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இருவர் 1960இல் ஐந்தே பக்கத்தில் எழுதியது. உச்ச அளவுப் பாதுகாப்போடு அச்சிட்டால் ஏறக்குறைய 30 விழுக்காடு அழிந்தாலும் கியூஆர் பிழைத்துக்கொள்ளும். இதெல்லாம் உனக்கு மனப்பாடமாக இருக்கும். உன் ஊரில் கேள்வி கேட்ட உறவினர்கள் எத்தனை பேர் கையில் கைப்பேசி இருந்தது என்று நீ கவனித்தாயா? கவனித்திருக்க மாட்டாய். தலையைக் குனிந்துகொண்டு மோரைக் குடித்திருப்பாய்.

பிழை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். புத்தகம் படித்து வந்த அறிவல்ல. எழுத வருவதற்கு முன் தெற்கே ஒரு சிற்றூரில் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கட்டு, கட, கட்டு, கட என்று கருவி தட்டத் தட்டக் காதால் கேட்டுக் கையால் எழுத வேண்டும். வெளியே பஸ் போனால் ஓர் எழுத்து போய்விடும். மழைநாளில் கம்பியே உளறும். ஆனால் சொற்களில் எழுத்து போனால் பெரிய ஆபத்து இல்லை. ‘மதர் சீரியஸ்’ என்பதில் நடுவே ஓர் எழுத்து விழுந்துவிட்டாலும் யாருக்கும் விளங்கும். மொழி தன் தேவைக்கு மேல் எழுத்துகளைச் சுமந்துகொண்டு வருகிறது. அந்த மிகைதான் நம்மைக் காப்பாற்றும். எண்களுக்கு அந்தக் காப்பு இல்லை. ஓர் இலக்கம் மாறினால் அதுவும் ஒரு நல்ல எண்தான், பார்த்ததும் சந்தேகமே வராது. அதனால் எண்களை மட்டும் தந்தியின் முடிவில் மறுபடி ஒருமுறை அடிப்போம்.

வாழ்த்துத் தந்திகளுக்கு அப்போது எண்கள் உண்டு. திருமணத்துக்கு ஓர் எண், தீபாவளிக்கு ஓர் எண் என்று. வாசகம் முழுவதையும் அனுப்ப வேண்டாம், எண் போதும், கட்டணமும் குறைவு. மோர்ஸில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். அந்த இடத்தில் புள்ளிக்குப் பதில் கோடு காதில் விழுந்தால் எட்டு ஒன்பதாகிவிடும். அப்படி விழுந்த ஓர் ஆவணி முகூர்த்த நாளில், மணமக்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து போய்ச் சேர்ந்தது. எழுதியது நான். எதிர்முனையில் இருந்தவர் எண்ணை மறுபடி அடிக்கவில்லையா, அவர் அடித்து நான் கேட்கவில்லையா என்பது இன்றுவரை தெரியாது. மணமகளின் தகப்பனார் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "எங்களுக்கு டிசம்பரில் யாரும் கல்யாண வாழ்த்து அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். 2013 ஜூலையில் தந்திச் சேவையையே மூடிய அன்று எனக்கு நினைவுக்கு வந்த ஒரே முகம் அவருடையது.

சிக்கனத்துக்காக மிகையை வெட்டினால் பிழைக்கு இடம் கொடுக்கிறோம். மிகையைச் சேர்த்துக்கொண்டே போனால் செய்தி போகும் வழி நிறைந்துவிடும். எவ்வளவு சேர்த்தால் போதும்? அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948இல் விடை சொன்னார். இரைச்சல் எவ்வளவு இருந்தாலும், அந்த வழிக்கென்று ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் அனுப்பினால் பிழையை நாம் விரும்பும் அளவுக்குக் குறைத்துவிடலாம். அப்படிப்பட்ட குறியீடுகள் இருக்கின்றன என்று நிரூபித்தார், எப்படிச் செய்வது என்று சொல்லவில்லை. புதையல் இருக்கும் ஊரைச் சொல்லிவிட்டுத் தோண்ட வேண்டிய இடத்தைச் சொல்லாமல் போனார்.

அதைத் தோண்டியவர்களில் இருவரைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல விரும்புகிறேன். ஒருவர் ஆசிரியர், மற்றவர் அவருடைய மாணவர்.

ராபர்ட் கேலகர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960இல் முனைவர் பட்டத்துக்கு எழுதியதுதான் இன்று எல்.டி.பி.சி. என்று நீங்கள் சொல்லும் குறியீடு. 1963இல் சிறு நூலாகவும் வந்தது. அன்றைய கணினிகளால் அந்தக் கணக்கைத் தூக்க முடியவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதை அநேகமாக யாரும் தொடவில்லை. 1990களின் நடுவில் டேவிட் மெக்கேயும் ராட்ஃபோர்ட் நீலும் அதே இடத்துக்கு மறுபடி வந்து சேர்ந்தார்கள். அதன் பிறகு செயற்கைக்கோள் தொலைக்காட்சி, வைஃபை என்று எங்கும் அதுதான்.

கேலகரிடம் படித்தவர் எர்தால் அரிகான். 1985இல் எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்றார், 1987இல் சொந்த நாடான துருக்கிக்குத் திரும்பி அங்காராவில் பில்கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியே மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. துறையின் கூட்டமும் பணமும் வேறு நாடுகளில் இருந்தன. அவர் ஷானனின் எல்லையைச் சுற்றியே இருபது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். 2009இல் வெளிவந்தது அவருடைய போலார் கோடு. ஒரு வகை வழிகளுக்கு ஷானன் எல்லையைத் தொடும் என்று கணிதமாகவே நிரூபிக்கப்பட்ட, எளிதில் செய்யவும் பிரிக்கவும் கூடிய முதல் குறியீடு அது.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். பிற வாசகர்களும் படிக்கிறார்களே. ஒரே அளவு இரைச்சலுள்ள பல வழிகளை எடுத்துக்கொள். அவற்றை ஒன்றோடொன்று ஒரு குறிப்பிட்ட முறையில் பின்னினால், சில வழிகள் கொஞ்சம் நல்லவையாகவும் மற்றவை கொஞ்சம் மோசமானவையாகவும் பிரிகின்றன. மறுபடி பின்னு, மறுபடியும் பின்னு. கடைசியில் இடைப்பட்டவை ஏறத்தாழ இல்லாமலே போய், ஒரு பங்கு தெளிந்த வழிகளாகவும் மீதி உதவாக்கரைகளாகவும் நிற்கும். நல்ல வழிகளில் செய்தியை அனுப்பு. கெட்டவற்றில் இருபுறத்துக்கும் முன்பே தெரிந்த பூச்சியத்தைப் போட்டுவை. இரைச்சல் மொத்தத்தில் துளியும் குறையவில்லை. ஓரமாகக் கூட்டித் தள்ளப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டைப் பெருக்கத் தெரிந்த யாருக்கும் இதில் பாதி புரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

5ஜிக்கு எந்தக் குறியீடு என்று, கைப்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பில் சண்டை வந்தது. ஹுவாவே நிறுவனம் போலார் பக்கம், குவால்காம் நிறுவனம் எல்.டி.பி.சி. பக்கம். 2016 நவம்பரில் அமெரிக்காவின் ரினோ நகரில் கூடி, இழுபறிக்குப் பிறகு பங்கு பிரித்தார்கள். நீ பார்க்கும் படமும் பாட்டும் வரும் வழிக்குக் கேலகரின் குறியீடு. அவை எங்கே எப்போது வரும் என்று கைப்பேசிக்குச் சொல்லும் சிறு கட்டளைகளுக்கு அரிகானின் குறியீடு. ஆசிரியரின் வேலையும் மாணவரின் வேலையும் ஒரே அலைவரிசையில். ஐம்பத்தாறு ஆண்டு கழித்து ஒருவர், ஏழே ஆண்டில் இன்னொருவர். தேவதைக் கதை சொல்கிறேன் என்று நினைக்காதே. பெரும்பாலான ஆய்வேடுகள் அலமாரியிலேயே மக்கும். உன்னுடையதும் மக்கலாம்.

அதுவல்ல எனக்குக் கோபம். "அவருக்கு இதெல்லாம் புரியாது" என்று அப்பாவைப் பற்றி எழுதினாயே, அதுதான். அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் காப்பி போட்டேன். திரும்பி வந்தும் கோபம் ஆறவில்லை.

போலார் கோட்டின் குறை உனக்குத் தெரியும். எல்லையை அடைய மிக நீளமான செய்தி வேண்டும். நடைமுறை நீளத்தில் அது பழைய குறியீடுகளிடம் தோற்றது. அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் இடோ தல், அலெக்ஸாண்டர் வார்டி. பெறும் முனையில் ஒரே விடையை நம்பிக்கொண்டு போகாமல், சாத்தியமான சில விடைகளைப் பட்டியலாக வைத்துக்கொண்டே போவது அவர்கள் வழி. கடைசியில் பட்டியலில் எது சரி? செய்தியோடு ஒரு சிறு சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து அனுப்பியிருப்பார்கள். எந்த விடை அதோடு பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்வது. 5ஜியில் ஓடுவது இந்தக் கூட்டுதான்.

இப்போது உன் அப்பாவின் கடைக்கு வா. திருமண வீட்டார் தொலைபேசியில் மளிகைச் சாமான் சொல்கிறார்கள். பின்னணியில் நாதஸ்வர ஒத்திகை, குழந்தை அழுகை, அறுந்து அறுந்து வரும் குரல். அப்பா எழுதிக்கொண்டே வருவார். கடலையா உளுந்தா என்று சரியாகக் கேட்காத இடத்தில் இரண்டையும் குறித்து ஒரு கோடு போட்டுவைப்பார். முடிவில், "உருப்படி மொத்தம் எத்தனை?" என்பார். "நாற்பத்து மூன்று" என்று பதில் வரும். எண்ணிப் பார்த்து நாற்பத்து இரண்டு என்றால் மறுபடி ஆரம்பம். அதன் பிறகு தொகையைக் கூட்டிச் சொல்லி, சந்தேகப்பட்ட பொருளின் விலையோடு ஒத்துவருகிறதா என்றும் பார்ப்பார். நான் போகும் கடையில் நாற்பது ஆண்டுகளாக நடப்பது இது. உன் வீட்டுக் கடையில் மட்டும் வேறாகவா இருக்கும்? நீ அந்தக் கல்லாப்பெட்டிக்கு அருகே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள்தானே? உன் ஆய்வேட்டின் அந்த அத்தியாயத்தைக் கேட்டு நீ வளர்ந்திருக்கிறாய். அவருக்குக் கணிதக் குறிகள் தெரியாது, சரி. இரைச்சலில் கேட்பதன் பாடு அவருக்கு உன்னைவிட நன்றாகவே தெரியும். எனக்கும் தெரியும், எனக்கும் பட்டம் கிடையாது. புரியாது என்று நீ சொன்னது என்னையும்தான்.

அவர் உன்னிடம் கேட்கவில்லையே என்று நீ சொல்லலாம். கேட்டிருக்க மாட்டார். மகளின் படிப்பைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருப்பார். அந்த மரியாதையை நீ அறியாமை என்று எடுத்துக்கொண்டாய்.

சரி, போதும். அழாதே. விடுமுறைக்குப் போகும்போது மாலைக் கூட்டம் கலைந்த பிறகு அப்பாவிடம் ஒரு கேள்வி கேள். உருப்படி எண்ணிக்கை சரியாக வருகிறது, ஆனால் ஏதோ ஒரு பொருள் மட்டும் மாறிப் போயிருக்கிறது. மறுபடி தொலைபேசியில் கேட்கவும் முடியாது. சீட்டை வைத்துக்கொண்டே எது தவறு என்று கண்டுபிடிக்க அவர் என்ன செய்வார்? வாரக்கடைசியில் தன் கணக்கைப் பிழை என்று கண்டு நிறுத்திவிட்ட இயந்திரத்தின் மேல் பெல் ஆய்வகத்தில் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹாமிங்குக்கு வந்த கோபமும் இதுதான். பிழை இருப்பது தெரிகிற இயந்திரத்துக்கு, அது எந்த இடம் என்று மட்டும் ஏன் தெரியவில்லை என்ற கோபம். அவர் விடை 1950இல் அச்சேறியது. அப்பாவின் விடையை எனக்கு எழுது.

தலைப்பை மாற்றுவது பற்றி உன் நெறியாளரிடம் கேட்டுக்கொள்.

அன்புடன்.