வெள்ளம் வடிந்த கெடிலக்கரையில் நாயைக் கூட்டிப்போகலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். ஒரு சிப்பிப்பாறை, தெருவில் கிடந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய் ஒன்று. தினமும் விடியற்காலை கெடிலக்கரையில் அவிழ்த்து ஓடவிடுவேன். மழை விட்டு நான்கு நாள் ஆகிறது, ஆற்றிலும் தண்ணீர் இறங்கிவிட்டது. மறுபடி கூட்டிப்போகலாமா? நேற்று சின்னது, அந்த நாட்டு நாய், அங்கே ஒரு குட்டையில் தண்ணீர் குடித்துவிட்டது.

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆற்றில் தண்ணீர் இறங்கியதைப் பார்த்து ஆபத்து போய்விட்டது என்று நினைக்கிறோம். எனக்குப் பயமே அதற்கப்புறம்தான். வெள்ளம் எலி வளைகளையெல்லாம் நிரப்பி, ஊர்ச் சாக்கடையையும் சேர்த்து இழுத்து வந்து, பள்ளம் பள்ளமாக விட்டுப் போயிருக்கிறது. எலியின் சிறுநீரில் வரும் லெப்டோஸ்பைரா கிருமி, ஓடாமல் தேங்கிய தண்ணீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காய்ந்தால் செத்துப்போகும். அதனால் நாளை எண்ணாதீர்கள், மண்ணைப் பாருங்கள். குட்டைகள் வற்றி, சேறு வெடித்துக் காய்ந்த பிறகு போங்கள். அதுவரை தார் ரோட்டில் நடத்தினால் போதும்.

குடித்துவிட்ட நாய்க்கு வருவோம். நேற்றைய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் கவனிக்க வேண்டும். சாப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்புவது, வாந்தி, எழுந்திருக்கவே முடியாமல் உடம்பு வலிப்பது, வழக்கத்தைவிட அதிகமாகவோ குறைவாகவோ சிறுநீர் போவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். தினமும் காலை வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நாட்டு நாய்க்கு ஈறு கறுப்பாக இருந்தால் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கம் பாருங்கள். மஞ்சள் தட்டியிருந்தால் ஈரலைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். சிறுநீரகமும் சேர்ந்து கெடக்கூடிய நோய் இது. சீக்கிரம் வந்தால் மருந்தில் காப்பாற்றலாம். காய்ச்சல் என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷமாகிவிடும்.

தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்து, ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். டி.எச்.பி.பி.ஐ. (நாய்களுக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசி) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் 'எல்' இருந்தால் லெப்டோ ஊசியும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அதன் பாதுகாப்பு ஏறத்தாழ ஒரு வருடம்தான். வெறிநாய்க்கடி ஊசி தவறாமல் போடுகிறவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. இனிமேல் வருடா வருடம் ஐப்பசி மழைக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். புதிதாகத் தொடங்கினால் சில வார இடைவெளியில் இரண்டு ஊசி. எல்லா வகை லெப்டோவையும் அது தடுக்காது, ஆகவே குட்டை விஷயத்தில் கவனம் எப்போதும் வேண்டும்.

திரும்பப் போகும்போது கயிற்றை அவிழ்க்காதீர்கள். வளையில் தண்ணீர் புகுந்த பாம்புகள் கரைமேட்டுக்கும் கல் அடுக்குகளுக்கும் ஏறியிருக்கும், கண்ணாடி விரியன் குப்பையோடு குப்பையாகக் கிடந்தால் நம் கண்ணுக்கே தெரியாது. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து இருக்கிற இடம் எது என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருங்கள். தென்பெண்ணைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. 2024 ஃபெஞ்சல் புயலில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து கடலூர் வட்டாரம் மூழ்கியது நினைவிருக்கும். நம் ஊரில் வெயில் அடித்தாலும் மேலே அணை திறந்திருந்தால் ஆற்றுக்குள் இறங்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்களும் தண்ணீருக்கடியில் தெரியாது.

கிளம்பும் முன் வீட்டிலேயே வயிறு நிறையத் தண்ணீர் காட்டுங்கள். தாகமில்லாத நாய் குட்டையை அவ்வளவாகத் தேடாது. வந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துத் துடையுங்கள். வெள்ளத்தில் அடித்து வந்த சீமைக்கருவேல முள் அங்கேதான் ஏறியிருக்கும். அந்தச் சின்னப் புண்தான் கிருமிக்கு வாசல். உங்களுக்குப் பித்தவெடிப்பு இருந்தால் உங்கள் காலும் அப்படித்தான், செருப்பில்லாமல் போகாதீர்கள். உங்களுக்கே காய்ச்சல் வந்தால், வெள்ளத் தண்ணீரில் நடந்ததையும் வீட்டில் நாய் இருப்பதையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.