எந்த மாதம் ராஜினாமா செய்வது?

கேள்வி: குன்னூர் அருகே ஒரு ரிசார்ட்டில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 36. வரும் ஜனவரி 31-ம் தேதியோடு 5 ஆண்டு முடிகிறது. சம்பளம் 29,000, கைக்கு 27,000 வருகிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 17,000. போன வருடம் புது மேனேஜர் வந்தார். விருந்தினர் முன்னாலேயே கத்துகிறார், ராத்திரி பத்து மணிக்கும் போன் செய்கிறார். நான் லீவில் இருந்த நாளின் கேஷ் கணக்கிலும் கையெழுத்துக் கேட்கிறார். இரண்டு தடவை பணம் குறைந்தது என்று மொத்தம் 3,400 ரூபாயை என் சம்பளத்தில் பிடித்துவிட்டார். சரியாகத் தூங்கிப் பல நாளாகிறது. வீட்டுக்காரர் சொந்த டாக்சி ஓட்டுகிறார். டீசல் போக சீசனில் 32,000, ஆஃப் சீசனில் 12,000 நிற்கும். மகள் ஏழாம் வகுப்பு. கையில் 90,000 டெபாசிட் இருக்கிறது. மாதம் 5,000 ரூபாய் சீட்டு ஒன்று ஏப்ரலில் முடிந்து ஒரு லட்சம் வரும். கோவையில் ஒரு நிறுவனம் 34,000 தருவதாகச் சொல்கிறது. இங்கேயே ஒரு பள்ளி அலுவலகத்தில் மார்ச்சில் ஓர் இடம் காலியாகிறது, ஆனால் 23,000தான். இந்த ஆகஸ்ட் சம்பளம் வாங்கியதும் வேலையை விட்டுவிட்டு, சேமிப்பை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டலாமா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, குன்னூர்

பதில்: விடுங்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆகஸ்டில் வேண்டாம். மலையில் இருக்கிற குடும்பத்துக்கு எந்த மாதம் வேலையை விடுகிறோம் என்பதே பெரிய பணக் கணக்கு.

நீங்கள் அனுப்பிய செலவுப் பட்டியலைக் கூட்டினேன். வாடகை 7,000, கார் தவணை 11,400, மளிகை, பால், கேஸ் 11,000, பள்ளிக் கட்டணமும் வேனும் மாதச் சராசரியில் 5,000, சீட்டு 5,000, மற்றவை 2,600. மொத்தம் 42,000. இதில் மாதா மாதம் நிச்சயமாக வருவது உங்கள் 27,000 மட்டும். வீட்டுக்காரரின் வருமானம் மழையோடும் சீசனோடும் ஏறி இறங்குகிறது.

ஆகஸ்ட் கடைசியில் விட்டால் என்ன ஆகும்? செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். அவர் 32,000 கொண்டுவந்தாலும் மாதம் 10,000 துண்டு விழும். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மண் சரிந்தால் டாக்சிக்கு ஆள் கிடையாது, மலை ரயிலும் நின்றுவிடும். அந்த மாதம் மட்டும் 30,000 குறையும். டிசம்பர் விடுமுறைக் கூட்டத்தில் மறுபடி 10,000, ஜனவரியில் 30,000. கூட்டினால் சரியாக 90,000. ஜனவரி முடியும்போது டெபாசிட் காலி. அதற்கு நடுவில் ஒரு காய்ச்சலோ கிளட்ச் பிளேட்டோ வந்தால் நகையை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

ஜனவரி 31 வரை இருந்தால்? சீசன் உள்ள மூன்று மாதத்தில் மாதம் 17,000 மிஞ்சும். மற்ற இரண்டு மாதத்தில் 3,000 குறையும். டெபாசிட் 1,35,000 ஆகிவிடும். அதன் மேல் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது நிறுவனம் தருகிற பணிக்கொடை, வருகிறது: 17,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 5 ஆண்டுக்குப் போட்டால் ஏறக்குறைய 49,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,84,000. அதே ஜனவரி, அதே வீடு. ஒரு வழியில் கையில் ஒன்றும் இல்லை, இன்னொரு வழியில் இவ்வளவு இருக்கிறது.

கிராஜுவிட்டி பற்றிப் பலரும் குழம்புகிறார்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்களில் ஓராண்டிலேயே கிராஜுவிட்டி கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு. நிரந்தரப் பணியாளர்களுக்கு 5 ஆண்டுதான். நான்கு ஆண்டும் ஐந்தாம் ஆண்டில் 240 நாளும் இருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பது உண்மை. ஆனால் உங்கள் மேனேஜர் மாதிரி ஒருவரிடம் போய் அதை வாதாடிப் பெறுவதற்கு 5 ஆண்டை முடித்துவிடுவது நல்லது. ராஜினாமாக் கடிதத்தைப் பிப்ரவரி முதல் வாரம் கொடுங்கள், அதற்கு முன்னால் யாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம். நோட்டீஸ் காலம் ஒரு மாதமா இரண்டு மாதமா என்று நியமன உத்தரவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் பள்ளியில் சேர்வதற்கு அது முக்கியம்.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரிக்கு வருகிறேன். கத்துவதும் ராத்திரி போன் செய்வதும் கொடுமைதான். ஆனால் லீவு நாளின் கேஷ் கணக்கில் கையெழுத்துக் கேட்பது வேறு வகை. நீங்கள் தொடாத பணத்துக்கு நீங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பது அது. இன்றைக்கு 3,400. ஒரு நாள் ஒன்றரை லட்சம் குறைந்தால் புத்தகத்தில் உங்கள் கையெழுத்துத்தான் இருக்கும்.

அதனால் இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மேனேஜருக்கு மட்டும் வேண்டாம், உரிமையாளருக்கோ தலைமை அலுவலகத்துக்கோ நகல் போகட்டும். குற்றம் சாட்ட வேண்டாம். இந்தத் தேதிகளில் நான் விடுப்பில் இருந்தேன், அந்த நாள் கேஷை நான் எண்ணவில்லை, இனிமேல் நான் எண்ணிய நாளுக்கு மட்டும் கையெழுத்திடுகிறேன், சம்பளத்தில் பிடித்த 3,400 ரூபாய்க்கு விளக்கம் தேவை. இவ்வளவு போதும். பணம் குறைந்ததைச் சம்பளத்தில் பிடிப்பதென்றால் அது உங்கள் கவனக்குறைவால் நடந்ததாக இருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் உங்களிடம் விளக்கமும் கேட்க வேண்டும். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் முதலில் மின்னஞ்சல், அதன் நகல் உங்கள் சொந்த முகவரியிலும் இருக்கட்டும். சம்பளச் சீட்டுகளையும் விடுப்பு ஒப்புதல்களையும் எடுத்து வையுங்கள்.

மின்னஞ்சலுக்குப் பிறகும் லீவு நாளுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி மிரட்டினால், ஜனவரி என்ற பேச்சே வேண்டாம். அன்றைக்கே விடுங்கள். 49,000 போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். பண மோசடிப் புகாரில் பேர் விழுந்தால் அக்கவுன்ட்ஸ் வேலையே கிடைக்காது. அதேபோல, தூக்கம் இல்லாததற்கு ஒரு மருத்துவரைப் பாருங்கள். இந்த இடத்தில் இருக்கவே கூடாது என்று அவர் சொன்னாலும் என் கணக்கைத் தூக்கிப் போடுங்கள். ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று யாரும் யாருக்கும் சொல்வது எளிது, இருக்கப் போவது நீங்கள்.

கோவை வேலைக்கு வருவோம். 34,000 என்றதும் 5,000 கூடுதல் என்று தோன்றும். பி.எஃப். 1,800 போக 32,200 கைக்கு வரும். தினமும் கீழே போய் ஏறி வருவது நடக்காது, போகவர ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. பெண்கள் விடுதியில் சாப்பாட்டோடு 8,500 என்று நீங்களே விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். வாராவாரம் மேலே வந்துபோக மாதம் 1,000, தனியாக இருந்தால் கையை விட்டுப் போகிற சில்லறை 1,700. வீட்டுக்கு நிற்பது 21,000. பள்ளி அலுவலகத்தில் 23,000-ல் பி.எஃப். போனால் 21,200. கோவையின் 34,000-மும் குன்னூரின் 23,000-மும் உங்கள் வீட்டில் ஒரே தொகை! பள்ளியில் சேர்ந்தால் சாயந்திரம் மகளோடு இருப்பீர்கள். கோவை உங்கள் நீண்ட கால ஆசை என்றால் அது வேறு. இந்த மேனேஜரிடமிருந்து தப்பிப்பதற்காக என்றால் வேண்டாம்.

பள்ளிக்குப் போனால் இன்றைய வருமானத்தைவிட 5,800 குறையும். ஏப்ரலில் சீட்டு முடிகிறது, மாதம் 5,000 விடுதலை. மீதி 800-ஐப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை அந்தச் சீட்டைத் தள்ளுபடிக்கு ஏலத்தில் எடுக்க வேண்டாம். முழு ஒரு லட்சமாக வரட்டும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மழையில் டாக்சி வீட்டு வாசலில் நிற்கும்போது அந்தப் பணம் தேவைப்படும். ஏப்ரல், மே வருமானத்தையும் அதிகமாகக் கணக்குப் போடாதீர்கள். வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற முன் அனுமதி 2024 மே மாதம் வந்தது, 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. அதனால் உள்ளூர் டாக்சிக்குச் சவாரி கூடுமா குறையுமா என்பது ஒவ்வொரு ஆண்டும் மாறுகிறது. 32,000-ஐயே உச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம், புது இடத்துக்கு மாற்றுங்கள். இதற்கு முன் ஊட்டியில் பார்த்த 3 ஆண்டு வேலையின் கணக்கு தனியாகக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் ஒரே யு.ஏ.என்.-க்கு, அதாவது ஒரே பி.எஃப். உறுப்பினர் எண்ணுக்கு, கொண்டுவாருங்கள். மூன்றும் ஐந்தும் எட்டு. இன்னும் 2 ஆண்டு சேர்ந்தால் 10 ஆண்டாகி, 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி வந்துவிடும். ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த எட்டும் போய்விடும்.

ரிசார்ட்டின் குழு மருத்துவக் காப்பீடு நீங்கள் வெளியேறும் நாளோடு நின்றுவிடும். டிசம்பருக்குள் குடும்பத்துக்கு ஒரு சொந்த பாலிசி எடுத்துவிடுங்கள், முதல் 30 நாள் காத்திருப்பு உங்கள் நோட்டீஸ் காலத்துக்கு முன்பே கழிந்துவிடும். தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. முதலில் இப்போதைய குழுக் காப்பீட்டு நிறுவனத்திடமே சொந்த பாலிசிக்கு மாறும் வசதியைக் கேளுங்கள், இதுவரை இருந்த காலம் கணக்கில் வரும்.

பள்ளியில் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும்: பி.எஃப். உண்டா, மே விடுமுறைக்கும் சம்பளம் உண்டா, மகளை அங்கே சேர்த்தால் கட்டணச் சலுகை எவ்வளவு. பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். மே மாதச் சம்பளம் இல்லை என்றால் மேலே போட்ட கணக்கில் 21,200 ரூபாய் குறைகிறது, கோவையை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.