ரிமோட் யார் கையில் இருந்தது?

கேள்வி: எனக்கு 15 வயதில் ஒரு மகள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாங்கள் இருவரும் 'ஆரோ' என்ற அமெரிக்க சூப்பர் ஹீரோ தொடரை நாளுக்கு ஒரு எபிசோடாகப் பார்த்துவந்தோம். ஐந்தாவது சீசனில், துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றி ஒரு எபிசோட் வந்தது. அம்பு விட்டு வில்லன்களை வீழ்த்துகிற ஆள் அன்றைக்கு முழுக்கச் சட்டம், உரிமை என்றே பேசிக்கொண்டிருந்தான். இரண்டு தடவை நிறுத்தி, "இது வெறும் பிரச்சாரம். கெட்டவனிடம் துப்பாக்கி இருக்கும்போது நல்லவனிடம் இருந்தால் என்ன தப்பு?" என்றேன். முடிந்ததும் அவள், ஹீரோவின் குழுவில் இருக்கும் ரெனேவைச் சொல்லி, "ரெனேவிடமும் இருந்ததுதானே? அவன் மனைவி என்ன ஆனாள்?" என்று கேட்டாள். "பெரிய மனுஷி மாதிரிப் பேசாதே" என்று சொல்லி டிவியை அணைத்துவிட்டேன். மூன்று வாரமாக என்னோடு உட்கார வருவதில்லை. பொழுதுபோக்கில் எதற்கு இந்த அரசியல்? அவளை எப்படித் திரும்ப உட்கார வைப்பது?
- பெயர் வேண்டாம்

பதில்: ஐயா, கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, அன்றைக்கு ரிமோட் உங்கள் கையில் இருந்தது என்பதுதான். நிறுத்தியவர் நீங்கள், பேசியவர் நீங்கள், அணைத்தவரும் நீங்கள். இந்த ரிமோட் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், அந்த எபிசோட் பற்றி உங்களுக்கு வந்த எரிச்சலில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்று சொல்லிவிடுகிறேன்.

'பொழுதுபோக்கில் எதற்கு அரசியல்' என்பது நியாயமில்லாத பாதி. சூப்பர் ஹீரோ கதைக்குள் அரசியல் புதிதாக நுழையவில்லை. 1946-இல் அமெரிக்க வானொலியில் சூப்பர்மேன், கூ க்ளக்ஸ் கிளான் என்ற இனவெறிக் கூட்டத்தை அப்பட்டமாக நினைவூட்டும் ஒரு கும்பலோடு 16 பகுதிகளுக்கு மோதினார். குழந்தைகளுக்கான நிகழ்ச்சி அது! 1951-இல் ஜார்ஜ் ரீவ்ஸ் நடித்த சூப்பர்மேன் படம் ஒன்று வந்தது. பிற்பாடு அதையே இரண்டு எபிசோடுகளாக வெட்டித் தொலைக்காட்சித் தொடரில் சேர்த்தார்கள். எண்ணெய்க் கிணறு வழியாகப் பூமிக்கடியிலிருந்து குட்டி மனிதர்கள் சிலர் மேலே வருகிறார்கள். ஊர்க்காரர்கள் பயந்துபோய், அவர்களைக் கொல்லத் துப்பாக்கியோடு கிளம்புகிறார்கள். சூப்பர்மேன் யாரை அடக்குகிறார் தெரியுமா? ஊர்க்காரர்களை. அவர்கள் கையிலிருந்த துப்பாக்கிகளைப் பிடுங்குகிறார்.

உங்கள் 'ஆரோ' தொடரின் ஹீரோ ஆலிவர் குவீன் விஷயத்தில் இது இன்னும் பொருந்தும். அவன் முகமூடி போட்டு வரும் கிரீன் ஆரோ என்ற பாத்திரம் 1970 முதலே காமிக்ஸில் அரசியல் பேசுகிற ஆள். வறுமை, இனப் பாகுபாடு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 1971-இல் அவனுடைய சொந்தச் சீடனே ஹெராயினுக்கு அடிமையானதாகக் கதை எழுதினார்கள். ஆகவே 2017 பிப்ரவரியில் வந்த அந்த 'ஸ்பெக்டர் ஆஃப் தி கன்' எபிசோட் பரம்பரைத் தொழிலைத்தான் செய்தது.

இனி நியாயமான பாதி. அந்த எபிசோடில் ஆலிவரின் குழுவில் இருக்கிற கர்ட்டிஸ் துப்பாக்கிக் கட்டுப்பாட்டின் பக்கம், ரெனே துப்பாக்கி உரிமையின் பக்கம் நின்று பேசுகிற இடங்களைக் கவனித்தீர்களா? நடுவர் இல்லாத பட்டிமன்றம். கூட இருந்து சண்டை போடுகிற நண்பர்கள் மாதிரிப் பேசாமல், தலைப்பு கொடுத்து ஏற்றிவிட்டவர்கள் மாதிரிப் பேசுகிறார்கள். பிரச்சாரம் என்று உங்கள் காதில் விழுந்தது அந்தக் குரல்தான் என்று நினைக்கிறேன். கருத்து இருப்பதில் தப்பில்லை, அது பாத்திரத்தின் வாயில் உட்காரவில்லை, அவ்வளவே.

இதைவிடப் பெரிய குறை கடைசியில் இருக்கிறது. மேயரான ஆலிவர், எதிர்த்தரப்புக் கவுன்சிலரோடு உட்கார்ந்து பேசி ஒரு சட்டத்துக்கு வழி செய்கிறான். சட்டத்துக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை! இரண்டு தரப்புக்கும் சம்மதமாம். எதற்குச் சம்மதம்? நாற்பது நிமிடம் நம்மை உட்காரவைத்து, பரிட்சைத் தாளில் விடை எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆனாலும் அந்த எபிசோடை நான் தூக்கிப் போடமாட்டேன். காரணம் மருத்துவமனைக் காட்சி. எபிசோடின் தொடக்கத்தில் மாநகர மன்றத்துக்குள் புகுந்து சுட்ட மனிதன், வேறொரு துப்பாக்கிச் சூட்டில் தன் குடும்பத்தைப் பறிகொடுத்தவன். துப்பாக்கிகளைப் பதிவு செய்யும் சட்டம் வரும் என்று நம்பியிருந்தான், அது தோற்றுப்போனது. இப்போது மருத்துவமனையில் மறுபடியும் துப்பாக்கியோடு வந்து நிற்கிறான். வேறு எந்த வாரமாக இருந்தாலும் பச்சை உடுப்பில் ஒருவன் வந்து ஓர் அம்பில் கதையை முடித்திருப்பான். இந்த வாரம் ஆலிவர் முகமூடி இல்லாமல், மேயராகப் போய் அவனோடு பேசுகிறான். ஐந்து சீசனாக அடித்தே பழகிய கை சும்மா இருக்கிறது. யாரை அடிப்பது என்பதுதான் சூப்பர் ஹீரோ கதையின் வழக்கமான கேள்வி. அடிக்க ஆளே இல்லாத ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டோம் என்று அந்தக் காட்சியை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, ரெனே. உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி, ஆனால் வழக்கை முடித்துவைக்கிற கேள்வி இல்லை. போதைப்பொருள் விற்பவன் வீட்டுக்குள் துப்பாக்கியோடு வருகிறான், அந்த மோதலில் ரெனேவின் மனைவி இறக்கிறாள், மகளை அரசு கூட்டிக்கொண்டு போகிறது. ரெனேவிடம் துப்பாக்கி இருந்தும் மனைவியைக் காப்பாற்ற முடியவில்லை என்கிறாள் உங்கள் மகள். அதே சம்பவத்தைத் தாண்டிவந்த ரெனே துப்பாக்கி உரிமையை விடாமல் பிடித்திருக்கிறானே, அது ஏன்? நீங்கள் அன்றைக்கு இதைத் திருப்பிக் கேட்டிருந்தால் ராத்திரி பதினொரு மணி வரை பேச்சு நீண்டிருக்கும். நீங்கள் வயதைக் காட்டி வாயை அடைத்தீர்கள். அவள் எழுந்து போனது உங்கள் கருத்துக்காக இருக்காது என்பது என் ஊகம். வாதத்தில் தோற்றால் பிள்ளைகள் மறுநாள் வந்து உட்காருவார்கள். வாதமே மறுக்கப்பட்டால் எதற்கு வர வேண்டும்?

ஆகவே முதலில் மன்னிப்பு. "அன்றைக்கு நான் டிவியை அணைத்தது தப்பு" என்ற ஒரே வாக்கியம் போதும். பின்னாலேயே "இருந்தாலும் நீயும்..." என்று ஆரம்பித்துவிடாதீர்கள், அந்த 'இருந்தாலும்' மன்னிப்பைச் சாப்பிட்டுவிடும்.

அப்புறம், எழுதாமல் விட்ட அந்தச் சட்டத்தை நீங்கள் இருவரும் எழுதுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு தாள், ஆளுக்கு ஐந்து விதி. எழுதும்போது அமெரிக்காவின் உண்மை நிலவரம் குறுக்கே வந்து நிற்கட்டும். துப்பாக்கிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று அவள் எழுதினால், நாடு முழுவதற்குமான பதிவேட்டை 1986-ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது என்று சொல்லுங்கள். வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க 1993-லேயே சட்டம் வந்துவிட்டதே என்று நீங்கள் சொன்னால், அந்த மத்தியச் சட்டம் உரிமம் பெற்ற வியாபாரிகளைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியார் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்வதை அது தொடவில்லை என்று அவள் மடக்கலாம். 2012-இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் பெரியவர்கள் ஆறு பேரும் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, அந்த ஓட்டையை அடைக்க ஒரு திருத்தம் வந்தது. 2013 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் 54 வாக்கு கிடைத்தது, தேவைப்பட்டது 60. அதோடு சரி.

உங்கள் தரப்புக்கும் பலமான சீட்டு இருக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, அந்த உரிமைக்கு எல்லையே இல்லை என்று அர்த்தமில்லை என்றும் சொன்னது. அந்தச் சீட்டு அவள் கைக்குப் போகும். இன்னொன்று சொன்னால் இருவருமே திடுக்கிடுவீர்கள்: பெரும்பாலான மாநிலங்களில் நகரங்கள் தம் இஷ்டத்துக்குத் துப்பாக்கிச் சட்டம் போட முடியாது, மாநிலச் சட்டம் தடுத்துவிடும். நிஜ உலகத்து ஆலிவர் குவீன் மேயர் நாற்காலியில் இருந்தும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இரண்டு தாளும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். போகட்டும். யாருடையது சரி என்று தீர்ப்புச் சொல்ல என்னிடம் அனுப்பாதீர்கள்.

ஐந்தாவது சீசன் மொத்தம் 23 எபிசோட். நீங்கள் நின்றது 13-இல். ரிமோட்டை அவள் பக்கம் வைத்துவிட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். அந்த சீசனின் பெரிய வில்லன் புரோமீதியஸ் யார் என்று இன்னும் உங்கள் இருவருக்கும் தெரியாது. நான் சொல்லமாட்டேன்.