எந்த வெர்னியரை நம்பலாம்? பட்டறை நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

பட்டறைக்கு 150 மி.மீ. காலிப்பர் (இரு தாடைகளுக்கு நடுவே பொருளைப் பிடித்து அளக்கும் கருவி) ஒன்று வாங்குவது குறித்து நண்பர்கள் சிலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். லேத்திலும், பின்னர் தரச் சோதனைப் பிரிவிலும் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

கேள்வி (கோவையில் லேத் பட்டறை நடத்துபவர்): டிஜிட்டல் காலிப்பர் 0.01 மி.மீ. வரை காட்டுகிறது, என்னிடம் இருக்கும், கோடு பார்த்துப் படிக்கும் வெர்னியர் காலிப்பரின் மீச்சிற்றளவு 0.02 மி.மீ. அப்படியானால் டிஜிட்டல்தானே துல்லியமானது?

பதில்: திரை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுகிறது என்பது வேறு, காட்டுவது எவ்வளவு சரி என்பது வேறு. மிட்டுடோயோ போன்ற முன்னணி நிறுவனத்தின் 150 மி.மீ. டிஜிட்டல் காலிப்பருக்கே பிழை வரம்பு ±0.02 மி.மீ. என்றுதான் குறிப்பிடப்படுகிறது. திரையில் 25.00 என்று தெரிந்தால், ஜாப் (கடைந்த பொருள்) 24.98 ஆகவும் இருக்கலாம், 25.02 ஆகவும் இருக்கலாம்.

பம்ப் ஷாஃப்ட்டில், உள்விட்டம் 25 மி.மீ. உள்ள 6205 பேரிங் உட்காரும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் கே6 என்ற அளவு வரம்புக் குறியீடு போட்டிருந்தால் அந்த விட்டம் 25.002 முதல் 25.015 வரைதான் இருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட மொத்த இடைவெளியே 0.013 மி.மீ.; காலிப்பரின் பிழை அதைவிடப் பெரியது. அங்கே, திருகு முறையில் இன்னும் நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டரைத்தான் எடுக்க வேண்டும். கருவியின் பிழை, ஜாபுக்கு அனுமதிக்கப்பட்ட இடைவெளியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. முடியாத இடத்தில் நான்கில் ஒரு பங்கு வரை பொறுத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்குப்படி, ±0.1 மி.மீ. சகிப்பளவு (அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம்) உள்ள வேலைக்குக் காலிப்பரைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

கேள்வி (அம்பத்தூரிலிருந்து ஒருவர்): வெர்னியர், டயல், டிஜிட்டல் மூன்றில் எதை வாங்குவது?

பதில்: வார்ப்பிரும்பு கடையும் பட்டறை என்றால் டயலை வாங்காதீர்கள். அதன் முள், கோலில் பதித்த பல்வரிசையின் மீது ஓடும் சிறு பல்சக்கரத்தால் சுழல்கிறது. ஒரு பொடிச் சீவல் அந்தப் பல்லிடுக்கில் சிக்கினாலும் முள் ஒரு பல் தாவிவிடும், அதன் பிறகு வரும் அளவெல்லாம் தவறாகிவிடும். கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) தெறிக்கும் மெஷினுக்கு அருகில் டிஜிட்டல் வேண்டுமென்றால் தூசியும் நீரும் புகாத ஐ.பி.67 தரத்துக்குக் குறைந்ததைக் கையில் எடுக்க வேண்டாம். தூசி, எண்ணெய், பேட்டரி என்ற எந்தக் கவலையும் இல்லாதது பழைய வெர்னியர்தான். ஆனால் அதைப் படிக்க நல்ல வெளிச்சமும் நல்ல கண்ணும் வேண்டும், கோட்டுக்கு நேர் எதிரே கண்ணை வைத்துப் படிக்கும் பழக்கமும் வேண்டும். நாற்பதைத் தாண்டிய டர்னர்கள் டிஜிட்டலுக்கு மாறுவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி (திருச்சியில் ஃபேப்ரிகேஷன் தொழில் செய்பவர்): கடையில் வைத்தே நல்லது கெட்டதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் தாடைகளைத் துடைத்து மூடி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சில மைக்ரான் (மி.மீ.இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி இருந்தால்கூட ஒளி கீற்றாகத் தெரியும். நுனியில் மட்டும் ஒளி வந்தால் தாடை தேய்ந்திருக்கிறது, அல்லது சறுக்கும் பகுதி ஆடுகிறது என்று பொருள். அடுத்து, தாடையை முழு நீளத்துக்கும் மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் இறுகி, இன்னோரிடத்தில் தளர்ந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போகும்போது பையில் ஒரு புதிய 6204 பேரிங்கை எடுத்துச் செல்லுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. சாதாரணத் தரப் பேரிங்கின் வெளிவிட்டம் 47 மி.மீ.; அதிலிருந்து 0.011 மி.மீ. வரைதான் குறையலாம். உள்விட்டம் 20 மி.மீ.; 0.010 வரைதான் குறையலாம். ஸ்லிப் கேஜ் (துல்லிய அளவுக்குச் செய்த கட்டை) இல்லாத இடத்தில் இதைவிட மலிவான அளவுக்கட்டை கிடைக்காது. எண்ணெயைத் துடைத்துவிட்டு, வெளிவிட்டத்தைத் தாடையின் அடியிலும் நடுவிலும் நுனிக்கு அருகிலும் வைத்து மூன்று முறை பாருங்கள். மூன்றுக்கும் இடையே 0.02க்கு மேல் வித்தியாசம் வந்தால் தாடைகள் இணையாக இல்லை. அகலத்தை மட்டும் இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள், 14 மி.மீ. என்று இருந்தாலும் அதில் 0.12 வரை குறைய அனுமதி உண்டு.

புகழ்பெற்ற பெயர்களில் போலிகள் நிறைய உலவுகின்றன. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் பெயரையும் நம்பாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள்.

கேள்வி: ஒரே ஜாபை நானும் என் உதவியாளரும் அளந்தால் வேறு வேறு அளவு வருகிறது. கருவி பழுதா?

பதில்: பெரும்பாலும் கைதான் காரணம். மைக்ரோமீட்டரில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ராட்செட் இருக்கிறது. சாதாரணக் காலிப்பரில் கட்டைவிரலைத் தவிர வேறெதுவும் இல்லை. அதோடு, காலிப்பரில் ஜாப் ஒரு கோட்டிலும் அளவுகோல் வேறொரு கோட்டிலும் இருக்கின்றன. இரண்டும் ஒரே கோட்டில் அமைய வேண்டும் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1890இல் வகுத்த கொள்கையை மைக்ரோமீட்டர் நிறைவேற்றுகிறது, காலிப்பர் மீறுகிறது. ஆகவே நுனியில் பிடித்து அழுத்தினால் தாடை சாய்ந்து அளவு குறையும். ஜாபைக் கோலுக்கு எவ்வளவு அருகில் பிடிக்க முடியுமோ அவ்வளவு அருகில் பிடியுங்கள்.

கேள்வி: 5 மி.மீ. துளையை அளந்தால் எப்போதும் குறைவாகவே காட்டுகிறது.

பதில்: உள் தாடைகளின் விளிம்பு கத்திபோலத் தெரிந்தாலும் அதில் சிறு தட்டை உண்டு, இரண்டு தாடைகளுக்கும் நடுவே மெல்லிய இடைவெளியும் உண்டு. இரண்டும் சேர்ந்து 0.6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 5 மி.மீ. துளை 4.96 என்று தெரியும், 20 மி.மீ. துளையில் அந்தப் பிழை 0.01க்குள் அடங்கிவிடும். சிறு துளைக்கு, அளவு தெரிந்த உருளை ஊசியான ‘பின் கேஜ்’தான் சரி.

கேள்வி: அலுமினிய ஜாப் மெஷினில் சரியாக இருந்தது, மறுநாள் காலையில் குறைந்துவிட்டது. எப்படி?

பதில்: சூட்டோடு அளந்திருக்கிறீர்கள். 100 மி.மீ. அலுமினியம் 30 டிகிரி ஆறினால் ஏறக்குறைய 0.07 மி.மீ. சுருங்கும். ஆறவிட்டு அளவெடுங்கள்.

கேள்வி: டிஜிட்டலில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே?

பதில்: மலிவான வகைகளில் திரையை அணைத்தாலும் உள்ளே சுற்று ஓடிக்கொண்டேதான் இருக்கும். எல்.ஆர்.44 என்ற அல்கலைன் பேட்டரிக்குப் பதிலாக எஸ்.ஆர்.44 என்ற சில்வர் ஆக்சைடு பேட்டரி போட்டுப் பாருங்கள். விலை கூடுதல்தான், ஆனால் கடைசிவரை மின்னழுத்தம் சீராக நிற்கும்.

கேள்வி (ஓசூரில் உதிரிபாகம் தயாரிப்பவர்): என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அளவுத்திருத்தச் சான்றிதழ் இருந்தால் ஓராண்டுக்குக் கவலையில்லை அல்லவா?

பதில்: தணிக்கைக்கு வருபவர் கேட்பார் என்பதால் சான்றிதழ் அவசியம்தான். ஆனால் அது ஆய்வகத்தில் சோதித்த நாளில் கருவி இருந்த நிலையைத்தான் சொல்கிறது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், சான்றிதழ் வந்த மறுவாரமே ஒரு காலிப்பர் மேசையிலிருந்து விழுந்தது. எடுத்தவர் துடைத்து, தாடையை மூடி, பூச்சியம் காட்டுகிறதா என்று பார்த்து அப்படியே வைத்துவிட்டார். பூச்சியம் சரியாகத்தான் இருந்தது; உள் தாடையின் நுனிதான் வளைந்திருந்தது. மூன்று நாள் கடைந்த புஷ்கள் (துளையுள்ள உருளைகள்) அத்தனையும் திரும்பி வந்த பிறகுதான் அது தெரிந்தது. அன்றிலிருந்து என் மேசையில் ஒரு 6204 கிடக்கிறது. காலையில் முதல் அளவை அதன் உள்விட்டத்திலும் இரண்டாவதை வெளிவிட்டத்திலும் எடுத்த பிறகே ஜாபைத் தொடுவேன்.