துப்பறியும் நாவலைப் பற்றி எப்போது பேசுவது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

திருச்சியில் 14 பேர் கொண்ட எங்கள் வாசகர் வட்டம் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறது. சென்ற மாதம் முதன்முறையாக ஒரு துப்பறியும் நாவலைப் படித்தோம்: அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய, ஒரு தீவில் பத்துப் பேர் ஒவ்வொருவராக இறந்துபோகும் கதை. எல்லோரும் ஒரே மூச்சில் படித்து முடித்திருந்தும் பேச்சு 20 நிமிடங்களில் ஓய்ந்துவிட்டது. “முடிவு தெரிந்த பிறகு இதில் பேச என்ன இருக்கிறது?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. இவ்வகை நூல்களே இனி வேண்டாம் என்று சிலரும், இன்னும் ஒன்றைப் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். அடுத்த நாவலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சுஜாதாவைப் பெரும்பாலோர் தொடராக வந்த காலத்திலேயே படித்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் படிக்க எல்லோராலும் முடியும். எதை எடுக்கலாம்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் மூத்த உறுப்பினரின் கேள்வி நியாயமானது. ஆனால் அந்த 20 நிமிடங்களுக்குக் காரணம் நாவலும் அல்ல, உங்கள் வட்டமும் அல்ல என்று நினைக்கிறேன். நீங்கள் கூடிய நேரம்தான் தவறு. துப்பறியும் கதையைப் படிப்பவருக்குள் சந்தேகம் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் அவரிடம் பேச்சு ஊறும். கடைசி அத்தியாயம் அத்தனை சந்தேகங்களையும் தீர்த்துவைத்து, பேச வேண்டியதையெல்லாம் தானே பேசி முடித்துவிட்ட பிறகு நீங்கள் 14 பேரையும் ஓரிடத்தில் உட்கார வைத்திருக்கிறீர்கள். தொடர்கதை நாட்களை நினைத்துப் பாருங்கள். ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் நடுவே இருந்த ஏழு நாட்களில் வீட்டுத் திண்ணையிலும் அலுவலகத்திலும் ‘இவனாகத்தான் இருக்கும்’, ‘இல்லை, அந்தக் கடிதத்தை எழுதியது அவள்’ என்று நடந்த வாதங்களைவிட உயிருள்ள வாசகர் வட்டம் ஏது? ஆகவே நூலின் பெயரைச் சொல்லும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த நாவலுக்கு இரண்டு கூட்டங்கள் வையுங்கள், முதல் கூட்டத்தைக் கதையின் நடுவில் வையுங்கள்.

நான் பரிந்துரைக்கும் நாவல் வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’. சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 1868 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை தொடராக வந்த கதை அது. வாரத்துக்கு ஒரு பகுதியாக நிறுத்தி நிறுத்திப் படிக்கப்படுவதற்கென்றே எழுதப்பட்டது. யார்க்‌ஷையரில் கடலோரத்து மாளிகை ஒன்றில், ஒரு பெண்ணின் பதினெட்டாவது பிறந்த நாளன்று அவளுக்குப் பரிசாக வந்த வைரம் அன்றிரவே காணாமல் போகிறது. வீட்டில் விருந்தினர்கள் இருக்கிறார்கள். முன்பு திருடிச் சிறைக்குச் சென்று மீண்ட ஒரு பணிப்பெண் இருக்கிறாள். வைரத்தைத் தேடி வந்த மூன்று இந்தியர்கள் வெளியே காத்திருக்கிறார்கள். கதையில் இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

வடிவத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு வாசகர் வட்டத்துக்கு இந்த நாவல் பொருந்துவது அதனால்தான். வழக்கறிஞராகப் பதிவு பெற்றிருந்த காலின்ஸ் கதையை நீதிமன்றச் சாட்சியம் போல அமைத்திருக்கிறார். நடந்ததை ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எழுதுகிறார். ஒவ்வொருவரும் தாம் நேரில் அறிந்ததை மட்டுமே எழுத வேண்டும் என்பது நிபந்தனை. எழுபது வயதைத் தாண்டிய வீட்டு நிர்வாகி கேப்ரியல் பெட்டரெட்ஜ் முதலில் எழுதுகிறார். எந்தச் சங்கடம் வந்தாலும் ‘ராபின்சன் குரூசோ’வைத் திறந்து வழி தேடுபவர். அவருக்குப் பிறகு, போகும் இடமெல்லாம் பக்திப் பிரசுரங்களை விட்டுவிட்டு வரும் மிஸ் கிளாக் எழுதுகிறார். இருவரும் பொய் சொல்வதில்லை. ஆனால் விசுவாசமும் பக்தியும் அவர்களை எதைப் பார்க்கவிடாமல் செய்கின்றன என்பதை வாசகர்தான் கண்டுகொள்ள வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் மதுரையில் நான் இருந்த ஒரு சிறு வட்டத்தில் இதைப் படித்தோம். அதற்கு முந்தைய மாதம் என் தேர்வில் ஒரு பூட்டிய அறைக் கொலைக் கதையை எடுத்து, உங்களுக்கு நேர்ந்ததே எங்களுக்கும் நேர்ந்திருந்தது. அந்தப் புதிரின் விடையைத் தவிர அதில் எங்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. ‘மூன்ஸ்டோன்’ கூட்டத்தில் நிலைமை வேறாக இருந்தது. நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் பெட்டரெட்ஜின் பகுதியில் பென்சிலால் கோடிட்டு வந்து, எது அவர் கண்ணால் கண்டது, எது பிறர் சொல்லக் கேட்டது, எது அவருடைய ஊகம் என்று பிரித்துக் காட்டினார். அன்று மாலை வீட்டுக்காரர்கள் விளக்கை அணைக்கும் வரை பேசினோம். நல்ல துப்பறியும் நாவல் வாசிப்பைப் பற்றியே நமக்குக் கற்றுத்தருகிறது என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

இன்னொரு காரணம் நமக்கு நெருக்கமானது. கதை இங்கிலாந்தில் தொடங்கவில்லை, 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில், திப்பு சுல்தான் வீழ்ந்த அந்தத் தாக்குதலின் நடுவில் தொடங்குகிறது. அரண்மனை ஆயுதக் கிடங்கில் மூன்று இந்தியர்கள் விழுந்து கிடக்க, குத்துவாளின் பிடியில் பதித்திருந்த வைரத்துடன் ஓர் ஆங்கில அதிகாரி நிற்கிறான். அதைப் பதிவு செய்யும் அவனுடைய உறவினனோ, கொலை நடந்ததைத் தான் நேரில் பார்க்கவில்லை என்பதால் குற்றம் சாட்டத் தயங்குகிறான். அப்படியானால் இந்தக் கதையில் திருடன் என்று யாரைச் சொல்வது? 1857 நடந்து 11 ஆண்டுகளே ஆகியிருந்தபோது ஆங்கில வாசகர்களுக்காக எழுதப்பட்ட கதையின் முதல் குற்றவாளி ஓர் ஆங்கிலேயன் என்பதை எண்ணிப் பாருங்கள். அதே சமயம் வைரத்தைத் தேடி இங்கிலாந்து வந்த அந்த மூன்று இந்தியர்களைக் காலின்ஸ் முழு மனிதர்களாகக் காட்டியிருக்கிறாரா, அல்லது மர்மத்துக்கான திரைச்சீலையாக நிறுத்தியிருக்கிறாரா என்று கேட்கவும் இடம் இருக்கிறது. எனக்கு இரண்டும் உண்மை என்றே படுகிறது. உங்கள் வட்டம் மறுக்கலாம். வைரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் தீர்ந்துபோகும் கேள்வி அல்ல இது.

நாவல் ஏறத்தாழ 500 பக்கம் என்பது ஒரு தடைதான். ஆகவே இரண்டு மாதங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முன்னுரைப் பகுதியும் பெட்டரெட்ஜ் எழுதும் ‘முதல் காலகட்ட’மும் முடியும் இடத்தில் எல்லோரும் கண்டிப்பாக நிறுத்த வேண்டும், அங்கே முதல் கூட்டம். வைரத்தை எடுத்தது யார், அப்படி நினைக்க என்ன ஆதாரம் என்று ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் எழுதி மடித்து உங்களிடம் கொடுக்கட்டும். முன்பே படித்தவர் யாராவது இருந்தால் அவரிடம் சீட்டுகளைக் கொடுத்துவிட்டு, பேசாமல் இருக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்ளுங்கள். முழுதும் முடித்த பிறகு கூடும் இரண்டாம் கூட்டத்தில் சீட்டுகளைப் பிரியுங்கள். பெயரைச் சரியாக எழுதினார்களா என்பது முக்கியமல்ல. எந்தச் சாட்சியை நம்பி எழுதினார்கள், ஏன் நம்பினார்கள் என்பதைப் பேசுங்கள். நூலின் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அவ்வளவு பெரிய நூல் வேண்டாம் என்று வட்டம் சொன்னால், ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ நாவலை எடுங்கள். 2005இல் வந்த அந்த நாவலில் யார் யாரைக் கொன்றார்கள் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் அதை மறைக்க உதவுகிறார். அந்த உதவியை அன்பு என்று அழைக்கலாமா என்பதில் உங்கள் 14 பேரும் ஒத்துப்போக வாய்ப்பே இல்லை. சுஜாதாவையும் ஒதுக்கிவிட வேண்டாம். ‘கொலையுதிர் கால’த்தை இளமையில் படித்தவர்கள், நடப்பவற்றுக்குக் காரணம் அறிவியலா அமானுஷ்யமா என்று கணேஷுக்கும் வசந்துக்கும் நடுவே ஓடும் இழுபறியை இந்த வயதில் வேறு விதமாகப் படிக்கக்கூடும். ஆனால் முடிவு நினைவில் இருப்பவர்கள் அதிகம் என்பதால் அதைச் சில மாதங்கள் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மூத்த உறுப்பினரை முதல் கூட்டத்துக்கு அவசியம் வரச் சொல்லுங்கள். பெட்டரெட்ஜின் வாக்குமூலத்தைக் குறுக்கு விசாரணை செய்யும் பொறுப்பை அவரிடமே கொடுக்கலாம். இரண்டாம் கூட்டம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். மிஸ் கிளாக்கை உங்கள் வட்டத்தில் எத்தனை பேர் மன்னித்தார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

அன்புடன்.