பெகு உறுப்பினர்கள் பட்டியலில் ஏன் விடுபடுகிறார்கள்?

மியான்மரின் யாங்கோனில் ஒரு கோயிலின் உறுப்பினர் பட்டியலைக் கணினியில் பராமரித்து வரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என்ஆர்சி என்னும் தேசிய அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு எழுத்துகளை வெட்டியெடுத்து, ஊர்க்குறியீட்டு அட்டவணையோடு பைத்தான் நிரல்மொழியில் ஒப்பிடுகிறேன். யாங்கோன்காரர்கள் சரியாக வருகிறார்கள். ஆனால் பெகுக்காரர்கள் ஒருவர்கூட வருவதில்லை, மோன் மாநிலத்தவரிலும் பலர் விடுபடுகிறார்கள். கண்ணால் பார்த்தால் எண்கள் சரியாகவே இருக்கின்றன. அதோடு, ‘க’ என்ற எழுத்தில் தொடங்கும் பெயர்களைக் கேட்டால் கிருஷ்ணனும் குமாரும் சேர்ந்து வருகிறார்கள். என்ன செய்வது?”

முதலில் பெகுவை எடுத்துக்கொள்வோம். என்ஆர்சி எண்ணின் தொடக்கத்தில் மாநிலம் அல்லது மண்டலத்தின் எண் 1 முதல் 14 வரை வருகிறது. அதற்குப் பின் சாய்கோடு, நகர்ப்பகுதியின் சுருக்க எழுத்துகள், அடைப்புக்குறிக்குள் குடியுரிமை வகை, இறுதியில் ஆறு இலக்கங்கள். யாங்கோனின் பஹானைச் சேர்ந்த ஒருவருக்கு 12/பஹன என்பது சரியாக ஆறு எழுத்துகள். பெகுவுக்கோ மண்டல எண் 7 என்னும் ஒற்றை இலக்கம். ஆகவே ஆறு எழுத்துகளை வெட்டினால் 7/பகன என்பதோடு அடைப்புக்குறியும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அட்டவணையில் அப்படி எதுவும் இல்லாததால் ஒப்பீடு பொய்த்துப்போகிறது. பைத்தானில் துண்டு வெட்டும்போது எல்லை மீறினாலும் பிழை காட்டாது என்பதால் இத்தகைய தவறு சத்தமில்லாமல் நடந்துவிடும்.

இடத்தை எண்ணி வெட்டாமல், பிரிக்கும் குறியை வைத்துப் பிரிக்க வேண்டும். பார்டிஷன் என்னும் செயல்கூற்றிடம் சாய்கோட்டைக் கொடுத்தால், அதற்கு முந்தைய பகுதி, சாய்கோடு, பிந்தைய பகுதி என மூன்று துண்டுகள் கிடைக்கும். பிந்தைய பகுதியை அடைப்புக்குறியில் மறுபடியும் பிரித்தால் ஊர்க்குறியீடு தனியாக வந்துவிடும். எதில் தொடங்குகிறது என்று பார்க்கும் ஸ்டார்ட்ஸ்வித் கொண்டு ஒப்பிட விரும்புபவர்கள் சாய்கோட்டையும் சேர்த்தே தர வேண்டும். வெறும் “1” என்று தந்தால் கச்சின் மாநிலத்தோடு 10 முதல் 14 வரையிலான அத்தனையும் உள்ளே வந்துவிடும்.

மோன் மாநிலத்தின் சிக்கல் வேறு வகையானது, எனக்குப் பிடித்தமானதும்கூட. அதன் எண் 10. பர்மிய எழுத்தில் சுழியமும் ‘வ’ என்னும் மெய்யும் திரையில் ஒரே வட்டமாகத் தெரிகின்றன. தட்டச்சு செய்பவர் அவசரத்தில் சுழியத்துக்குப் பதிலாக ‘வ’வை அழுத்திவிட்டால், கண்ணுக்கு அது 10 தான். கணினிக்கோ அது ஒன்றும் வ-வும். இதே போன்ற இரட்டையர் ஏழும் ‘ர’வும். ஆகவே முதல் கோளாறைத் திருத்திய பிறகும் உங்கள் பெகுப் பட்டியலில் சிலர் விடுபடக்கூடும். ஒருமுறை அரை நாள் முழுவதும் எழுத்துருவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து ஏமாந்தவன் நான். எழுத்தின் கணினி எண்ணைச் சொல்லும் ஆர்ட் என்னும் செயல்கூற்றிடம் ஒவ்வோர் எழுத்தாகக் கொடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. சுழியத்துக்கு 4160 என்றும் ‘வ’வுக்கு 4125 என்றும், ஏழுக்கு 4167 என்றும் ‘ர’வுக்கு 4123 என்றும் அது சொல்லும்.

சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியிலும் கடைசி ஆறு இலக்கங்களிலும் மட்டும் இந்த எழுத்துகளை இலக்கங்களாக மாற்றுங்கள். ஊர்க்குறியீட்டில் கைவைக்கக் கூடாது, அங்கே ‘வ’வும் ‘ர’வும் உண்மையான எழுத்துகளாகவே வரக்கூடும். அதன் பிறகு மண்டல எண்ணை இன்ட் கொண்டு முழு எண்ணாக்கி ஒப்பிடுவது நல்லது. பைத்தானின் இன்ட் பர்மிய இலக்கங்களையும் நேராகப் படித்துக்கொள்ளும் என்பதால், ஒருவர் பர்மிய இலக்கத்திலும் மற்றொருவர் ஆங்கில இலக்கத்திலும் பதிந்திருந்தாலும் இரண்டும் 12 என்றே வரும். கடைசி ஆறு இலக்கங்களை மட்டும் முழு எண்ணாக்க வேண்டாம், முன்னால் நிற்கும் சுழியங்கள் உதிர்ந்துவிடும். அவற்றை ஒரே வகை இலக்கத்துக்கு மாற்றிச் சரமாகவே ஒப்பிடுங்கள்.

குடியுரிமை வகையை ஒப்பிடும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. 2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது என்றாலும், அதற்கு முன் ஸௌஜி என்னும் பழைய பர்மிய எழுத்துமுறையில் பதிந்த கோப்புகள் நம் அலுவலகங்களில் இன்னும் கிடக்கின்றன. முழுக் குடிமகனைக் குறிக்கும் ‘நைங்’ என்னும் சொல்லின் கடைசிக் குறி யூனிகோடில் 4154, ஸௌஜியில் 4153. முழுச் சொல்லையும் ஒப்பிட்டால் இரண்டும் பொருந்தாது. அடைப்புக்குறிக்குப் பின் வரும் முதல் எழுத்து ‘ந’ தானா என்று மட்டும் பாருங்கள்; ஆனால் ஸௌஜியில் கீழே குறி ஏற்கும் ‘ந’வுக்கு 4239 என்ற தனி எண்ணும் உண்டு என்பதால், வழக்கமான 4116-ஓடு அதையும் ஏற்றுக்கொண்டால்தான் இரு வகைக் கோப்புகளிலும் வேலை நடக்கும்.

தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம். நாம் ஓரெழுத்தாகக் காணும் ‘கி’ கணினிக்குள் ‘க’ என்றும் இகரக் குறி என்றும் இரண்டாக இருக்கிறது. ‘முருகன்’ நமக்கு நான்கு எழுத்து, பைத்தானுக்கு ஏழு. ஆகவே ‘க’வில் தொடங்குகிறதா என்று கேட்டால் கிருஷ்ணனுக்கும் ஆம் என்றே விடை வரும். முதல் எழுத்து ‘க’வாக இருப்பதோடு, இரண்டாவது இடத்தில் இருப்பது உயிர்க்குறியோ புள்ளியோ அல்ல என்பதையும் சோதிக்க வேண்டும். யூனிகோட்டேட்டா தொகுதியின் கேட்டகரி என்னும் செயல்கூறு தரும் வகைப்பெயர் ‘எம்’ எழுத்தில் தொடங்கினால் அது சார்ந்து நிற்கும் குறி.

ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கச் சரங்களையும் என்எஃப்சி என்னும் யூனிகோடின் சீர்வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ‘கொ’வை ஒற்றைக் குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் பதிய முடியும், அந்த வேறுபாடு இதில் தீர்ந்துவிடும். ஆனால் ‘கௌரி’யில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தட்டியிருந்தால் என்எஃப்சி அதைத் தொடாது. எல்லா ‘கெள’வையும் ‘கௌ’வாக்கும் ஒற்றைக் கட்டளையும் வேண்டாம், கெளுத்தி மீன் கெட்டுவிடும். அத்தகைய பெயர்களை மட்டும் தனியாக எடுத்துக் கையாலேயே திருத்துங்கள்.