பிரிட்டனின் கனரகச் சரக்கு டீசல் இன்ஜின்கள்: கேள்வி பதில்

கேள்வி: கிளாஸ் 58, கிளாஸ் 59 என்ற இரண்டு ரக இன்ஜின்களுக்கும் 3,300 குதிரைத்திறன்தான். அப்புறம் ஏன் 59-ஐ மட்டும் எல்லோரும் கொண்டாடுகிறார்கள்?

பதில்: குதிரைத்திறனை விடுங்கள், இழுவிசையைப் பாருங்கள். நிற்கும் வண்டியைக் கிளப்ப 58 தருவது அதிகபட்சம் 275 கிலோநியூட்டன் (விசையை அளக்கும் அலகு). 59 தருவது 506! இரண்டுக்கும் ஆறு அச்சுகள்தான். வித்தியாசம் பெரும்பாலும் சக்கரப் பிடிமானத்தில் இருக்கிறது. பழைய இன்ஜின்களில் சக்கரம் வழுக்கினால் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்க வேண்டும்; இழுவை சட்டென்று விழும். 59-இல் ஒரு ரேடார் தரையைப் பார்த்து உண்மையான வேகத்தை அளக்கிறது. சக்கரம் அதைவிடத் துளி வேகமாகச் சுழலும்படி கட்டுப்பாட்டுக் கருவி பார்த்துக்கொள்கிறது. அந்தத் துளி வழுக்கலில்தான் தண்டவாளத்தில் பிடி அதிகம். எனக்கு இந்த இன்ஜின்மேல் ஆசை வந்ததே இதைப் புரிந்துகொண்ட பிறகுதான்.

கேள்வி: கல் குவாரிக்காரர்கள் சொந்த இன்ஜின் வாங்கியது ஏன்?

பதில்: சாமர்செட்டில் மெர்ஹெட் குவாரியை நடத்திய ஃபாஸ்டர் யோமன் நிறுவனத்துக்குத் தினமும் ஜல்லி போய்ச் சேர வேண்டும். அரசு ரயில் நிறுவனமான பிரிட்டிஷ் ரயில் கொடுத்த இன்ஜின்கள் அடிக்கடி படுத்துவிட்டன. அதனால் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸிடம் நான்கு 59-களை வாங்கினார்கள். 1986 தொடக்கத்தில் வந்து இறங்கின. ஓட்டியது பிரிட்டிஷ் ரயில் ஓட்டுநர்களேதான். பழைய ரகமான கிளாஸ் 56 இரண்டு சேர்ந்து இழுத்த சுமையை ஒரே 59 இழுத்தது.

கேள்வி: அதிகபட்சம் எவ்வளவு இழுத்திருக்கிறது?

பதில்: 1991 மே மாதச் சோதனையில் 11,982 டன், இரண்டு 59-கள் சேர்ந்து. நடுவில் ஒரு இணைப்புக் கொக்கி அறுந்துபோனது. இன்ஜின் தாங்கியது, கொக்கிதான் தாங்கவில்லை.

கேள்வி: 56 ருமேனியாவில் செய்ததா?

பதில்: முதல் 30 மட்டும். அவற்றின் தரம் சுமார். மீதி 105-ஐ இங்கிலாந்தின் டான்காஸ்டரிலும் க்ரூவிலும் கட்டினார்கள்.

கேள்வி: பிறகு வந்த கிளாஸ் 60, கிளாஸ் 66 இரண்டில் உங்கள் ஓட்டு எதற்கு?

பதில்: 60-க்குத்தான், யோசிக்கவே வேண்டாம். 1998-இலிருந்து கனடாவில் இருந்து வந்த 66 நம்பகமானது, எண்ணிக்கையிலும் அதிகம். ஆனால் கேபினில் இரைச்சல் என்று ஓட்டுநர்கள் குறைப்பட்டார்கள். அதன் இழுவிசை 409 கிலோநியூட்டன். இங்கிலாந்தின் லஃப்பரோவில் பிரஷ் நிறுவனம் கட்டிய 60-க்கு அதைவிட அதிகம். அதனுள் இருப்பது எட்டே சிலிண்டர், நிதானமாகச் சுழலும் பெரிய டீசல் இயந்திரம். எண்ணெய் டேங்கர் வரிசையை இழுத்துக்கொண்டு ஏற்றத்தில் அது ஏறும் சத்தத்தை ஒருமுறை கேளுங்கள்.